புகார் எண்

பத்தொன்பது நாளுக்குப் பிறகு
இன்று எனக்கு ஓய்வு.
புதுப்பாளையத்து வாடகை வீட்டில்
எட்டு மணிக்கு எழுந்ததும்
கை தானாகக் காதுக்குப் போனது.
ஃபோன் இல்லை. காதுதான் இருந்தது.

புயல் தாழங்குடாவில் ஏறி
சவுக்கையெல்லாம் சாய்த்துப் போட்ட இரவிலிருந்து
மின்வாரியப் புகார் மையத்தில்
மூன்று நாற்காலிக்கு இரண்டு பேர்.
எப்போ வரும், எப்போ வரும், எப்போ வரும்.
கோண்டூரிலிருந்து ஒருவர்
இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறதென்றார்.
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருத்தி
ஒன்றும் சொல்லாமல்
குழந்தை அழுவதை மட்டும்
ஃபோனில் பிடித்துக் காட்டினாள்.
நெல்லிக்குப்பத்துக்காரர் என் அம்மாவைத் திட்டினார்.
அவருக்கும் அதையேதான் சொன்னேன்:
லைன்ல ஆள் இருக்காங்க சார்.

அதனால் கேக்.

யாருக்கும் பிறந்தநாள் இல்லை.
பாதித் தவணை கட்டிய ஓவன் ஒன்று
அட்டைப்பெட்டியோடு பீரோ மேல் கிடந்தது.
மைதா கால் கிலோ, முட்டை மூன்று,
வெண்ணெய் இல்லையென்று
மஞ்சக்குப்பம் கடையில் டால்டா தந்தார்கள்.
எசன்ஸ் குப்பியின் மூடியைப் பல்லால் திறந்தேன்.
வெனிலா இவ்வளவு கசக்கும் என்று
யாரும் சொன்னதில்லை.

ஒரே பக்கமாகக் கலக்க வேண்டுமாம்.
கலக்கினேன்.
மாவு எப்போ வரும் என்று கேட்காது.
உன் பேரைச் சொல்லு, பதவியைச் சொல்லு,
மேலே எழுதுறேன் என்று
சர்க்கரை மிரட்டாது.
முட்டை, உடை என்றால் உடைந்தது.

நூற்றெண்பது டிகிரி, முப்பத்தைந்து நிமிடம்.
கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து
டிவி பார்ப்பதுபோல் பார்த்தேன்.
ஓரம் முதலில் எழுந்தது.
நடு கொஞ்சம் யோசித்தது.
பிறகு அதுவும் மெல்ல,
தூங்குகிறவர் வயிறுபோல

பதினாறாம் நிமிடம்
கரண்ட் போய்விட்டது.

சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
தெருவின் மிக்சிகளெல்லாம்
ஒரே நேரத்தில் வாயை மூடின.
நாசமாப் போறவனுங்க, என்றது
பக்கத்து வீட்டுக் குரல்.
என்னைத்தான்.

எண் மனப்பாடம்.
வெளியிலிருந்து அழைத்ததில்லை ஒருநாளும்.
பதினோரு முறை பிஸி.
பன்னிரண்டாவதில் அஞ்சலாட்சி எடுத்தாள்,
இன்று என் நாற்காலிக்கும் சேர்த்து உட்கார்ந்திருப்பவள்.
தொண்டை கம்மியிருந்தது.
என் குரல் அவளுக்குத் தெரியவில்லை,
தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.
லைன்ல ஆள் இருக்காங்க மேடம், என்றாள்.
அந்த வாக்கியத்தின் இந்தப் பக்கம்
எப்படி இருக்கும் என்று
இன்றுதான் பார்க்கிறேன்.
சுவர் மாதிரி இருந்தது.
கொஞ்சம் சாய்ந்துகொள்ளவும் முடிந்தது.

எப்போ வரும், நாக்கு நுனியில் இருந்தது.
சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.
சற்று நேரம் அந்தப் பக்கம்
மற்ற ஃபோன்கள் அடிப்பது மட்டும் கேட்டது.
இல்ல, என்றாள். யாரு பேசறது?
வைத்துவிட்டேன்.

பெரிய குக்கரின் அடியில்
கல்லுப்பைக் கொட்டிப் பரப்பி
கேஸ்கட்டும் விசிலும் கழற்றி வைத்து
பாதி வெந்ததை உள்ளே இறக்கினேன்.
கேஸ் யாரையும் கேட்டு எரிவதில்லை.
நாற்பது நிமிடம் கழித்து
ஈர்க்குச்சி ஒட்டாமல் வெளியே வந்தது.
அடி கருகல்.
நடுவில் ஒரு பள்ளம்,
செம்மண்டலம் சாலையில் இருப்பதைப்போல,
மழை பெய்தால் நாலு நாள் தண்ணீர் நிற்கும்.
பள்ளத்தின் கரையிலிருந்து ஒரு துண்டு தின்றேன்,
நின்றபடியே.
இனிப்புக் குறைவு.
இன்னொரு துண்டு.

நாலே காலுக்குக் கரண்ட் வந்தது.
தெருவில் ஒரு பையன் ஹேய் என்று கத்தினான்.
எந்தக் கம்பத்தில் ஏறினாரோ தனவேல் அண்ணன்,
இறங்கினாரோ இல்லையோ.

மீதியை எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன்.
காலை ஆறுக்கு ஷிஃப்ட்.
அந்த மேடம் நான்தான் என்று
அஞ்சலாட்சியிடம் சொல்லப்போவதில்லை.
டப்பாவைத் திறந்து
நடுவுல ஏண்டி இப்படி, என்பாள்.
சொல்ல வாயெடுப்பதற்குள்
அடித்துவிடும்.